காகிதத்தில் ஒரு கப்பல்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரை விழாக்கோலம் பூணும். மூங்கிற் சிம்பையும் காகிதத்தையும் நூலையும் கொண்டு இளைஞர் அமைத்த பட்டங்கள் வானில் ஏறும். அவற்றுட் கப்பலின் உருவமும் உண்டு. பொழுதுபோக்கென்றே பலரும் கருதுவர். ஆனால் அந்தக் கடற்கரையில் ஒரு காலத்தில் மெய்யான கப்பல்களே கட்டப்பட்டன என்பதை நினைந்தால், அக்காகித உருவம் வேறு பொருள் தரும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். தென்னிந்தியத் துறைகளோடும் பர்மாவோடும் அவ்வூரார் வாணிகம் நடத்தினர். அக்கப்பல்களுள் உலகறிந்தது ‘அன்னபூரணி’. வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அதன் நீளம் 89 அடி. அகலம் 19 அடி.

அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். அவர் மரக்கலங்களின் தரம் அறியாதவரல்லர். 32 அடி நீளமான ‘ஸ்வாப்’ என்னும் படகில், 1928 முதல் 1931 வரை உலகையே சுற்றி வந்தவர். அன்னபூரணிக்குத் தம் மனைவியின் பெயரால் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரிட்டார். 1937இல் புறப்பட்ட கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சுயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கிளொஸ்டர் துறையை அடைந்தது.

இத்தகைய கலங்களைக் கட்டிய மேத்திரிமாரின் கல்வி ஏட்டுக் கல்வியன்று. கண்ணளவிலும் கையளவிலும் வளர்ந்த கல்வி. நீராவிக் கப்பல்களின் போட்டியும், 1948இன் பின் இறுகிய சுங்க, குடிவரவுக் கட்டுப்பாடுகளும் பாய்க்கப்பல் வாணிகத்தை ஒடுக்கின. வாணிகம் ஒடுங்கவே கட்டுவோர் தொழிலும் ஒடுங்கிற்று. கையில் வாழும் கல்விக்கு இதுவே பெரும் ஆபத்து. கை ஓய்ந்தால் கல்வியும் ஓய்ந்துவிடும்.

அதைச் சிறிதளவேனும் உணர ஓர் எளிய வழி உண்டு. நூற்றில் ஒரு பங்கு அளவில் அன்னபூரணியைக் காகிதத்திற் செய்யப் புகுவோமாயின், அதன் நீளம் 27 சென்ரிமீற்றர். அகலம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். தடித்த அட்டையில் ஏராவை வெட்டி, அதன்மேல் வங்குகளாகிய விலாச் சட்டங்களை நிறுத்தவேண்டும். புறத்தோட்டை ஒரே தாளாற் போர்த்த இயலாது. தாள் ஒரு திசையில் வளையுமேயன்றி, இரு திசைகளில் ஒருங்கே வளையாது. ஆகவே குறுகிய கீற்றுகளாக வெட்டி, ஒன்றின் அருகே ஒன்றாக ஒட்டவேண்டும். அணியத்தை, அதாவது முன்முனையை, நெருங்குந்தோறும் கீற்று ஒடுங்கவேண்டும். மேத்திரிமார் மரப்பலகையிற் கண்ட இடர்ப்பாட்டைச் செய்பவர் விரல் அங்கேதான் அறிகிறது. பின்னர், இரண்டு பாய்மரங்கள்: முன்மரத்திற் குறுக்கே விரியும் சதுரப்பாய்கள், பின்மரத்தில் நெடுக விரியும் பாய்கள்.

காகிதக் கப்பல் கடலோடாது, மெய்யே. எனினும், ஒரு சிறுவன் அதைச் செய்துமுடிக்கையில் ஏராவும் வங்கும் அணியமும் அவனுக்கு வெறுஞ்சொற்களாக இரா. பட்டத்துக்குச் சிம்பு வளைக்கும் அதே கைகளுக்கு இதுவும் எளிதில் வசப்படும். தன் முன்னோர் கடலிற் செலுத்தியது எத்தகைய கலம் என்பதை அவன் கை அறிந்திருக்கும்.