தன்னுடல் தாக்கு மூளையழற்சி: எதிர்ப்பொருள் சோதனையின் இடம்

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த மூளையின் நரம்பணுக்களையே பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது தன்னுடல் தாக்கு மூளையழற்சி. அந்தத் தாக்குதலைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் தேடுவதே எதிர்ப்பொருள் சோதனை. ஜோசப் தல்மாவ் குழுவினர் 2007இல் நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளை 12 பெண்களிடம் கண்டறிந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சூலகத்தில் டெரட்டோமா கட்டி இருந்தது. மனநோய் போலத் தொடங்கும் இந்த வகைக்கு ஆய்வகச் சான்று கிடைத்தது அப்போதுதான்.

அந்தச் சான்று நோயை உறுதிசெய்யும். ஆனால் அது கைக்கு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைப்பது தவறு. கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு கல்லூரிப் பெண் நாலைந்து நாள் தூக்கமின்றிச் சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மந்திரித்துக் கயிறு கட்டி, மனநல மருத்துவரைப் பார்த்து, வலிப்பு வந்தபின் கோவைக்குக் கொண்டுவருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். மாதிரி பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற வெளியூர் ஆய்வகத்துக்குப் போனால் இன்னும் சில நாட்கள். 577 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வு, சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்களே நன்றாகத் தேறினார்கள் என்று காட்டியது. 2016இல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்த வழிமுறையும் நோய்க்குறிகள், எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., தண்டுவட நீரின் அணு எண்ணிக்கை ஆகியவற்றை வைத்தே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது.

காசநோயும் ஸ்க்ரப் டைபஸும் உள்ள ஊரில், சான்றில்லாமல், நோயெதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுப்பது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொற்றை விலக்குவது எதிர்ப்பொருள் சோதனையின் வேலையன்று. அது தண்டுவட நீர்ப் பரிசோதனை, ஹெர்பிஸ் பி.சி.ஆர். முதலியவற்றின் வேலை. அந்த நீரை எடுப்பதுதான் இங்கே பெரிய தடை. முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது; ஊசி இறங்குவது அதற்கும் கீழே. இந்த அச்சத்தால் ரத்தம் மட்டும் அனுப்பப்பட்டால் நோய் நழுவிவிடலாம். என்.எம்.டி.ஏ. வகை உறுதியான 250 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் தண்டுவட நீர் அனைவரிடமும் எதிர்ப்பொருளைக் காட்டியது. ரத்தம் காட்டியது 214 பேரிடம்தான். எல்.ஜி.ஐ.1 என்ற மற்றோர் எதிர்ப்பொருள் வகையில் நிலை தலைகீழ்: அங்கே ரத்தமே கூடுதலாகக் காட்டும். ஆகவே இரண்டும் வேண்டும்.

அப்படியானால் சோதனையே எதற்கு என்பது அடுத்த கேள்வி. கட்டியைத் தேட வேண்டுமா, மருந்தை எத்தனை மாதம் தொடர்வது, நோய் திரும்புமா என்பதற்கெல்லாம் எதிர்ப்பொருளின் பெயர் தெரிந்தாக வேண்டும். ஆய்வகத்தில், குறிப்பிட்ட ஏற்பியைத் தாங்கிய அணுக்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் நோயாளியின் ரத்தநீரையோ தண்டுவட நீரையோ விட்டு, ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் பச்சையாக மினுங்கும். மங்கலான மினுக்கத்தை ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. கொங்குப் பகுதியிலும் பரவலாக உள்ள சர்க்கரை நோயில், முதல் வகைக்காரர்களுக்கு ஜி.ஏ.டி.65 எதிர்ப்பொருள் குறைந்த அளவில் இருப்பது வழக்கம். அதை மூளையழற்சி என்று முடிவுகட்டினால் வேண்டாத மருந்து உள்ளே போகும். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோய் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 107 பேரை விவரித்தது. அவர்களில் பலருக்கு உண்மையில் இருந்தவை மனநோய், செயல்பாட்டு நரம்புக் கோளாறு, மூளைத்தேய்வு முதலியவை. நோய்க்குறியோடு பொருந்தாத ரிப்போர்ட்டை நம்பக்கூடாது. பொருந்தும் நோயாளியை ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட்டுக்காகக் கைவிடவும் கூடாது.

கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பெறும் இம்யூனோகுளோபுலினைச் சிகிச்சையாக ஏற்றிய பிறகு ரத்தம் எடுத்தால், அவர்களின் எதிர்ப்பொருள் கலந்து முடிவு குழம்பும். சிகிச்சையின் முதல் பாட்டில் ஏறுமுன் ரத்தமும் தண்டுவட நீரும் எடுத்துவைக்கப்பட்டனவா என்று நோயாளியின் வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டும்.