மெக்சிகோவின் வானமும் பிரிட்டனின் சாலையும்

ஃபோர்ஸா ஹொரைசன் கார்ப் பந்தயக் கேம் வரிசையில் எது உசத்தி என்ற பேச்சு வந்தால் பெரும்பாலோர் ஐந்தாம் பாகத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். காரணம் கேட்டால் எரிமலையையும், குவானாவாட்டோ நகரத்தின் வண்ண வீடுகளையும், புழுதிப் புயலையும் அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை கண்ணுக்கான காரணங்கள். ஓட்டும்போது கைக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. நான்கையும் ஐந்தையும் மாற்றி மாற்றி ஓட்டியதில் எனக்கு உறுதியாகிப் போனது ஒன்று: ஐந்தாம் பாகத்தில் கார் மேம்பட்டிருக்கிறது, ஆனால் அந்தக் காரை உணரவைக்கும் சாலை நான்காம் பாகத்தில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா நகரில் இருக்கும் பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம்தான் இந்த வரிசையை உருவாக்குகிறது. 2012இல் கொலராடோவில் தொடங்கினார்கள். 2014இல் தெற்கு பிரான்சும் வடக்கு இத்தாலியும், 2016இல் ஆஸ்திரேலியா. மழை வந்ததும், சாலையை விட்டு வயலுக்குள் இறங்கி ஓட்டும் சுதந்திரம் கிடைத்ததும் இரண்டாம் பாகத்தில். மூன்றாம் பாகத்துக்கு ஆஸ்திரேலியாவின் நிஜ வானத்தையே கேமரா வைத்துப் படம்பிடித்துச் சேர்த்தார்கள். 2018இல் நான்காம் பாகம் பிரிட்டனுக்கு வந்தது, 2021இல் ஐந்தாம் பாகம் மெக்சிகோவுக்குப் போனது.

முதலில் காட்சி. இதில் ஐந்தாம் பாகத்துக்குப் போட்டியே கிடையாது. மெக்சிகோவில் 12கே கேமராவால் பதிவுசெய்த வானத்தைத்தான் இங்கே பார்க்கிறோம். மாலை நேரத்தில் மேகத்தின் அடிவயிறு சிவக்கும்போது அந்தச் சிவப்பு காரின் பானட்டிலும் ஈரத் தார்ச்சாலையிலும் சரியான அளவில் விழுகிறது. எரிமலை உச்சியில் நின்றால் காடு, பாலைவனம், கடற்கரை எல்லாம் ஒரே பார்வையில் அடங்குகின்றன. வரைபடம் நான்காம் பாகத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிது. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் ஏமாற்றம் இல்லை. கள்ளிச்செடியின் ஒவ்வொரு முள்ளும் தனியாகத் தெரிகிறது.

நான்காம் பாகத்தின் பலம் வேறு. அங்கே ஒரே நிலப்பரப்புக்கு நான்கு முகங்கள். வியாழக்கிழமைதோறும் பருவம் மாறும். வசந்தத்தில் சேறாகக் கிடந்த வண்டித்தடம் கோடையில் காய்ந்து புழுதி பறக்கும். இலையுதிர் காலத்தில் அதே தடத்தில் குட்டைகள் தேங்கிநிற்கும். குளிர்காலத்தில் டெர்வென்ட்வாட்டர் ஏரி உறைந்துவிடும், அதன் மேலேயே ஓட்டலாம். போன வாரம் சுற்றிப்போன ஏரியை இந்த வாரம் குறுக்கே கடக்கிறோம். மெக்சிகோவிலும் பருவங்கள் உண்டு, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி வானிலைகூட உண்டு. ஆனால் அங்கே மாறுவது பெரும்பாலும் வானமும் செடிகளின் நிறமும்தான். பிரிட்டனில் டயருக்குக் கீழே இருக்கும் தரையே மாறிவிடுகிறது.

இங்கேதான் காட்சி வெறும் அழகாக நிற்காமல் ஓட்டத்துக்குள் நுழைகிறது. கேம் ஓட்டும்போது உடம்புக்கு எந்த விசையும் தெரிவதில்லை. நிஜக் காரில் வளைவில் திரும்பினால் முதுகும் இடுப்பும் செய்தி சொல்லும். சோபாவில் அது கிடையாது. அந்தச் செய்தியைக் கண், காது, விரல் மூன்றும்தான் ஈடுகட்ட வேண்டும். டயருக்குப் பிடிப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைச் சாலையின் பளபளப்பைப் பார்த்தே கணக்குப் போடுகிறோம். சாலை தன் நிலையைத் தெளிவாகக் காட்டினால் கை முன்கூட்டியே தயாராகிவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி, இரண்டு பாகங்களிலும் இருக்கும் ஒரே காரை எடுப்பது. நான் எடுத்தது 1994ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், எந்த மாற்றமும் செய்யாத அசல் நிலை. நான்காம் பாகத்தில் இலையுதிர் காலம், லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஒரு குறுகிய சாலை. இருபுறமும் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த சுவர், அதற்கு மேல் மரக்கிளைகள். ஸ்பீடோமீட்டர் 90 கிலோமீட்டரைத் தாண்டவில்லை, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டால் பிரேக் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் கன்ட்ரோலரின் இடது ட்ரிகர் விரலுக்கடியில் படபடக்கும். அந்தப் படபடப்பு தொடங்கியதும் விரலை ஒரு இழை தளர்த்த வேண்டும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் லேசாக வெளியே நழுவும். எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் கார் அப்படியே அடுத்த வளைவுக்குத் திரும்பி நிற்கும். எதிரே தங்கள் இடப்பக்கமாக வரும் வண்டிகள் வேறு. நம் ஊர்ச் சாலைப் பழக்கத்தோடு இது ஒத்துப்போவதால் கண் தானாகவே சரியான பக்கத்தைத் தேடுகிறது.

அதே எம்எக்ஸ்-5ஐ மெக்சிகோவுக்குக் கொண்டுபோனால் முதல் வளைவிலேயே முன்னேற்றம் தெரிகிறது. ஐந்தாம் பாகத்துக்காக சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் திருத்தியிருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் சக்கரம் தனியாக ஏறி இறங்குகிறது, காரின் உடம்பு அவ்வளவாகத் துள்ளுவதில்லை. பிரேக் அழுத்தத்தைப் படிப்படியாகக் கொடுக்க முடிகிறது. ஃபோர்டு பிரான்கோ போன்ற உயரமான வண்டியைக் கற்பாதையில் ஓட்டினால் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நான்காம் பாகத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் கட்டையாகக் குதிக்கும். எஞ்சின் சத்தத்திலும் ஐந்துதான் மேல். நான்கில் பல கார்கள் ஒரே குரலில் பேசுகின்றன.

ஆனால் ஐந்தில் சாலைகள் அகலம். வளைவுகள் நீளமாக, நெடுந்தூரம் முன்கூட்டியே தெரியும்படி இருக்கின்றன. விரைந்து பின்னோக்கி ஓடும் பக்கத்துப் பொருள்களைப் பார்த்துத்தான் கண் வேகத்தை அளக்கிறது. சுவரும் வேலியும் மரமும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் 90 கிலோமீட்டரே வேகம். பாலைவனத்தில் பக்கத்தில் எதுவும் இல்லை, தொலைவில் இருக்கும் மலை அசைவதே இல்லை, 200 கிலோமீட்டரில் போனாலும் மெதுவாகப் போவதுபோல் இருக்கிறது. எம்எக்ஸ்-5 மாதிரி சின்னக் காருக்கு அந்த நெடுஞ்சாலையில் வேலையே இல்லை. வேகத்தை உணர வேண்டுமானால் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் மாதிரி அசுரக் கார்களை எடுக்க வேண்டியிருக்கிறது. கேமின் அட்டையில் இருப்பதும் அந்தக் கார்தான். குவானாவாட்டோவின் கல் பாவிய சந்துகளுக்குள் நுழையும்போது மட்டும் கதை மாறுகிறது. அங்கே எம்எக்ஸ்-5க்கு மறுபடி உயிர் வருகிறது. வரைபடத்தில் அப்படிப்பட்ட இடம் கொஞ்சமாக இருப்பதுதான் என் வருத்தம்.

ஃப்ரேம் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காட்சித் தரமும் ஓட்டும் உணர்வும் நேருக்கு நேர் மோதும் இடம் அது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லி நொடி, 60 என்றால் 17க்குக் கொஞ்சம் குறைவு. கார் நழுவத் தொடங்குவதை எத்தனை சீக்கிரம் பார்க்கிறோமோ அத்தனை சீக்கிரம் திருத்தலாம். நான்காம் பாகம் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் வந்தபோது 4கே தெளிவா, 60 ஃப்ரேமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு சீரீஸ் எக்ஸில் இரண்டும் சேர்ந்தே கிடைத்தன. ஐந்தாம் பாகத்திலும் குவாலிட்டி, பெர்ஃபார்மன்ஸ் என்று இரு முறைகள் உண்டு. முதலாவதில் 30 ஃப்ரேம், புல்வெளி அடர்த்தியாக இருக்கும். இரண்டாவதில் 60, ஆனால் தூரத்துச் செடிகள் திடீரென்று முளைப்பது சில சமயம் கண்ணில் படும். இரண்டாவதையே வையுங்கள் என்பேன். செடி முளைப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், கைக்கும் காருக்கும் நடுவே விழும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. குவாலிட்டி முறையை ஃபோட்டோ எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று. இரண்டு பாகங்களிலுமே செட்டிங்ஸில் ஸ்டீயரிங்கை நார்மலிலிருந்து சிமுலேஷனுக்கு மாற்றிப் பாருங்கள். நழுவலைச் சரிசெய்யக் கேம் செய்யும் ரகசிய உதவி குறைந்து, நம் கை செய்யும் திருத்தம் அப்படியே டயருக்குப் போகும். கார் சில தடவை சுழலும். ஆனால் நான்காம் பாகத்துப் பனிச்சாலையில் முன்சக்கரம் பிடி இழப்பதும் மீண்டும் பிடிப்பதும் எப்போது என்பது அதற்குப் பிறகுதான் விரலில் தெரியத் தொடங்கும்.

வருத்தமான செய்தி, நான்காம் பாகத்தை 2024 டிசம்பர் 15 முதல் டிஜிட்டல் கடைகளில் வாங்க முடியாது. கார்களுக்கும் பாடல்களுக்கும் வாங்கிய உரிமங்கள் காலாவதியாகிவிடுகின்றன. முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம். மற்றவர்களுக்கு டிஸ்க் கிடைத்தால் உண்டு. ஐந்தாம் பாகமோ 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்து இன்னும் நிறைய பேரைச் சென்றடைந்திருக்கிறது.

ஆறாம் பாகத்தின் களம் ஜப்பான் என்று 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்தார்கள். இடப்பக்கப் போக்குவரத்து, பனி விழும் மலைகள், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த ஒடுங்கிய மலைப்பாதைகள் எல்லாம் உள்ள நாடு அது. ஐந்தாம் பாகத்தின் சஸ்பென்ஷனை அந்தப் பாதைகளில் இறக்கிவிட்டு, அவற்றைப் பந்தயத்துக்காக அகலப்படுத்தாமலும் விட்டால், இந்த இரண்டு பாகங்களில் எதை எடுப்பது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்காது.