ஓட்டைக் கரண்டி சொன்ன வரலாறு

கரண்டியில் ஓட்டை இருந்தால் அது ஜல்லிக்கரண்டி. எண்ணெயிலிருந்து வடையை எடுக்கலாம், அப்பளத்தை எடுக்கலாம். இது நமக்குத் தெரிந்த விஷயம். ஆனால் மூன்று விரல் அகலம்கூட இல்லாமல், தட்டையாக, கோலம் போட்ட மாதிரி ஓட்டைகளோடு ஒரு கரண்டி கையில் கிடைத்தால்? அதில் குழம்பு நிற்காது, சர்க்கரை அள்ள முடியாது. பிறகு எதற்குத்தான் அது?

1981ல் பிரான்ஸில் மரி-க்ளோத் டெலாயே என்ற பெண்மணிக்கு இதே கேள்விதான் வந்தது. பழைய சாமான் சந்தை ஒன்றில் இப்படி ஒரு கரண்டி அவர் கண்ணில் பட்டது. எதற்குப் பயன்படுவது என்று தெரியாமலேயே வாங்கிவிட்டார். அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, பாரீஸ் பல்கலைக்கழகத்தில் செல் உயிரியல் கற்பித்தவர். அந்தக் கரண்டியின் கதையைத் தேடிப் போனவர் 1983ல் ஒரு புத்தகமே எழுதினார். 1994ல் ஓவர்-சூர்-உவாஸ் ஊரில் ஓர் அருங்காட்சியகமும் தொடங்கினார்.

அந்தக் கரண்டியின் கதைதான் இந்தக் கட்டுரை. (யாரையும் குடிக்கச் சொல்லும் நோக்கம் இல்லை நண்பர்களே, கதையைப் படித்தால் குடிக்கத் தோன்றாது!)

சர்க்கரைக்கு ஒரு சிம்மாசனம்

அது அப்சிந்த் என்ற மதுவுக்கான கரண்டி. அப்சிந்தின் முக்கியப் பொருள் ஒரு கசப்பு மூலிகை. நம் ஊர்ப் பூக்கடைகளில் மணக்கும் மரிக்கொழுந்தும் அதே தாவரப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். அதோடு சோம்பு வகை விதைகளைச் சேர்த்து வடிப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த இந்த மதுவை 1805ல் பிரான்ஸின் பொந்தார்லியே நகரில் பெர்னோ குடும்பம் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது.

ஆல்கஹால் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியே குடிக்க முடியாது. கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, விளிம்பின் மேல் ஓட்டைக் கரண்டியை வைத்து, அதன்மேல் ஒரு சர்க்கரைக் கட்டியை வைப்பார்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சர்க்கரை கரைந்து ஓட்டைகள் வழியே இறங்கும். பச்சை நிற மது மெல்ல மெல்லப் பால் நிறமாக மாறும். இது மாயம் அல்ல. ஆல்கஹாலில் கரைந்திருந்த மூலிகை எண்ணெய்கள் தண்ணீர் பட்டதும் பிரிந்து நுண்துளிகளாக மிதப்பதுதான் காரணம்.

கரண்டி நழுவாமல் கோப்பை விளிம்பில் உட்கார, அதில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். 1889ல் ஈஃபில் கோபுரம் திறக்கப்பட்டபோது கோபுர வடிவிலேயே கரண்டிகள் வந்தன. அவை சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலையும் பொருள்.

மேசை மேல் ஒரு தொழிற்சாலை

கரண்டி தனியாக வரவில்லை. அடியில் குமிழ் வைத்த கோப்பை வந்தது. குமிழ் அளவுக்கு மது ஊற்றினால் போதும், அளவுகோலே தேவையில்லை. மேசை நடுவில் நாலைந்து குழாய்கள் வைத்த கண்ணாடித் தண்ணீர்த் தொட்டி. தீக்குச்சி உரசுவதற்கு, பக்கவாட்டில் வரிவரியாகச் சொரசொரப்பு வைத்த பீங்கான் கிண்ணம். அதன் மேலும் ஏதோ ஒரு மது நிறுவனத்தின் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது, காபி விடுதிகளில் பானத்துக்குக் கீழே வைத்த பீங்கான் தட்டுதான். விளிம்பில் விலை அச்சடித்திருக்கும். ஒவ்வொரு முறை பானம் வரும்போதும் ஒரு தட்டு. கடைசியில் அடுக்கிய தட்டுகளைக் கூட்டினால் அதுதான் பில்!

யார் குற்றவாளி?

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழிக்க ஆரம்பித்தது. ஒயின் விலை ஏறியது. மலிவான சாராயத்தில் தயாரித்த அப்சிந்த் ஏழைகளின் மேசைக்கு வந்தது. மாலை ஐந்து மணிக்கு 'பச்சை நேரம்' என்றே பெயர் வந்துவிட்டது. குடிப்பழக்கமும் அதன் துயரங்களும் பெருகின. திராட்சைத் தோட்டங்கள் மீண்டு வந்தபோது ஒயின் வியாபாரிகளுக்கு இழந்த சந்தை திரும்ப வேண்டியிருந்தது. மதுவிலக்குக்காரர்களும் ஒயின்காரர்களும் ஒரே மேடையில் ஏறி அப்சிந்தை எதிர்த்தார்கள். விந்தையான கூட்டணி!

1905 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் லான்ஃப்ரே என்ற தொழிலாளி மனைவியையும் இரண்டு மகள்களையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் பல லிட்டர் ஒயின் குடித்திருந்தான், பிராந்தியும் குடித்திருந்தான். அப்சிந்த் இரண்டே கோப்பை. ஆனால் பழி முழுவதும் அப்சிந்த் மேல் விழுந்தது. 1908ல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்துத் தடை செய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1915 மார்ச்சில் பிரான்ஸும் சட்டப்படி தடை செய்தது.

கரண்டி போனது, ஜாடி நின்றது

1932ல் மார்செய் நகரில் பால் ரிக்கார் தன் பாஸ்தீஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சோம்பு வாசனை உண்டு, தடை செய்யப்பட்ட மூலிகை இல்லை. கசப்பு இல்லாததால் சர்க்கரைக் கட்டி வேண்டாம், கரண்டியும் வேண்டாம். ஆனால் தண்ணீர் கலந்தே ஆக வேண்டும். அதனால் ஜாடி மட்டும் பிழைத்தது. நிறுவனப் பெயர் பொறித்த அந்தப் பழைய ஜாடிகளைத்தான் இன்று பலர் வாங்கிச் சமையலறை அலமாரியில் பூச்செடி வைக்கிறார்கள். ஒரு சட்டம் ஒரு நாட்டின் பாத்திர அலமாரியையே மாற்றிவிட்டது பாருங்கள்.

வேண்டாத கரண்டிகள் பெட்டிகளில் முடங்கின. இரண்டு தலைமுறை போனதும் அது எதற்கென்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

சேகரிப்பவர் செய்த வேலை

அப்சிந்த் மனிதனைப் பைத்தியமாக்கும், அதற்குக் காரணம் அதிலுள்ள தூஜோன் என்ற பொருள் என்று நூறு வருடம் நம்பினார்கள். தடைக்கு முன் தயாரான 13 பாட்டில்கள் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தன. அவற்றைச் சோதித்த ஆய்வு 2008ல் வெளியானது. சராசரியாக லிட்டருக்குச் சுமார் 25 மில்லிகிராம் தூஜோன் இருந்தது. ஐரோப்பாவில் இன்று அனுமதிக்கப்படும் உச்ச அளவு 35. அப்படியானால் உண்மையான குற்றவாளி? சாதாரண ஆல்கஹால்தான். அதாவது ஒயினிலும் பிராந்தியிலும் இருந்த அதே ஆள்! 1915 சட்டத்தைப் பிரான்ஸ் 2011ல் நீக்கியது.

பழைய பாட்டிலை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இந்தச் சோதனை நடந்தது. கரண்டியை ஒருவர் 'இது என்ன?' என்று கேட்டு வாங்கியதால்தான் அருங்காட்சியகம் வந்தது. சட்டப் புத்தகத்தில் ஜெயித்தவர்களின் வாதம் மட்டும் இருந்தது. மறுபக்கத்தின் சாட்சி பழைய சாமான் சந்தையில் கிடந்தது.

இப்போது சந்தையில் போலிகளும் உண்டு. மது திரும்ப வந்ததும் புதுக் கரண்டிகளும் பழைய மாதிரியிலேயே வந்துவிட்டன. தேய்மானமே இல்லாமல் பளபளக்கும் 'பழைய' கரண்டியைச் சந்தேகப்படுங்கள் என்பதுதான் அனுபவசாலிகள் தரும் முதல் பாடம்.

அடுத்த முறை வீட்டுப் பரணை ஒழிக்கும்போது, எதற்கென்றே தெரியாத ஒரு சாமான் கையில் வந்தால் உடனே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதலில் பாட்டியிடம் கேளுங்கள். இன்னும் ஒரு தலைமுறை போனால் கேட்க ஆள் இருக்காது.