எட்டு மணி நேரம் எட்டாத தறிக்குழி

1. பிரான்ஸ்ல வாரத்துக்கு 35 மணி நேரம்தான் வேலை, ஸ்வீடன்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆபீஸ்ல ஆளே இருக்காதுன்னு நிறைய ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. அந்த நேரம் அவங்களுக்கு எப்படிக் கிடைச்சது? அது ஏன் அருப்புக்கோட்டைத் தறிக்குழி வரைக்கும் வந்து சேரலை? கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2. முதல்ல பிரான்ஸ். 1936 மே, ஜூன் மாதங்கள்ல நாடு முழுக்க வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துட்டாங்க. புதுசா வந்த மக்கள் முன்னணி அரசு சட்டம் போட்டது. வாரம் 40 மணி நேர வேலை, வருஷத்துக்கு 2 வாரம் சம்பளத்தோட லீவு. இன்றைய 35 மணி நேரம் 2000-ல் வந்தது. அதுவும் சட்டம்தான்.

3. ஸ்வீடன் போனது வேற பாதை. 1938-ல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டாங்க. இன்னைக்கும் ஸ்வீடன், டென்மார்க், நார்வே நாடுகளில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. சங்கம் பேசி முடிக்கிறதுதான் கூலி.

4. ஆக, ஒரு பக்கம் சட்டம், இன்னொரு பக்கம் ஒப்பந்தம். இந்த ரெண்டுமே தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கு. அதுதான் பலருக்குத் தெரியாது.

5. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. 1936 ஜூலை 30. சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள் மேல துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தாங்க. தலைவர் வ. சுப்பையா பாரிஸ் வரைக்கும் போய் வாதாடினார். 1937-ல் புதுச்சேரியில் 8 மணி நேர வேலை சட்டமானது.

6. அதே காலத்துல, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த நம்ம பக்கம் என்ன நிலைமை? 1934 ஃபேக்டரி சட்டப்படி வாரம் 54 மணி நேரம். 1946-ல்தான் அது 48 ஆச்சு. 1948 சட்டமும் அதையே உறுதி செய்தது.

7. சரி, ஒப்பந்தப் பாதை? 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கினாங்க. நெசவாளர் ஒண்ணு சேர்ந்தா நூலும் கூலியும் பேசி வாங்கலாம் என்பதுதான் கூட்டுறவுச் சங்கத்தின் அடிப்படை. ஸ்வீடன் பாதைக்கு நம்ம ஊர்ல கிடைச்ச நெருங்கிய சொந்தம் இதுதான்.

8. ஆனா கூட்டுறவு பேசினது கூலியைப் பத்தி. நேரத்தைப் பத்தி இல்லை. 1948 சட்டமோ, மின்சாரம் இருந்தா 10 பேர், இல்லைன்னா 20 பேர் வேலை பார்க்கிற இடத்தைத்தான் ஃபேக்டரின்னு சொன்னது. வீட்டுக்குள்ள ஒரு தறி, அதுல புருஷன் நெய்ய, மனைவி தார் சுத்தினா, அது ஃபேக்டரி இல்லை. குடும்பம்!

9. இங்கதான் அருப்புக்கோட்டை வருது. ஒரு சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. அதனால கடிகாரத்தை நெசவாளி தானே தனக்கு எதிரா திருப்பி வைக்கிறார். "இன்னும் ரெண்டு முழம் முடிச்சுட்டுப் படுக்கலாம்." கட்டாயப்படுத்த எதிர்ல ஒரு முதலாளி கூட நிக்க வேண்டியதில்லை.

10. திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்ச்சா கரிசல்ல வேலை இல்லை. அப்போ மில் வேலை, தறி வேலைதான் கஞ்சி ஊத்தும். வேற வேலை இல்லாதவங்க நேரம் பேச முடியுமா?

11. இப்போ டாக்டரா பேசுறேன். பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ்னு பேர். வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். அடுத்தடுத்த நாள் குறையும். உடம்பே காலண்டர் பார்த்துச் சொல்ற நோய் இது! கவனிக்காம விட்டா தினமும் இருக்கும், நிரந்தரமாகிடும். பீடி, சிகரெட் அதை இன்னும் மோசமாக்கும்.

12. நீண்ட வேலை நேரமும் சும்மா விடாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு: வாரம் 35-40 மணி நேரம் உழைக்கிறவங்களோட ஒப்பிட்டா, 55 மணி நேரத்துக்கு மேல உழைக்கிறவங்களுக்கு பக்கவாத ஆபத்து 35% அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17% அதிகம்.

13. 2023 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கா? 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம்ம சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பினதும் மே 1 அன்று வாபஸ்னு அறிவிச்சாங்க. பத்து நாள்ல திரும்பிப் போனது எதனால? கேட்கிறதுக்கு சங்கங்கள் இருந்ததால. தறிக்குழிக்கு அப்படிக் கேட்க யார் இருக்கா?

14. அதனால மூணே விஷயம் சொல்றேன்.
மில், தறி வேலை பார்க்கிறவங்க எந்த டாக்டரைப் பார்த்தாலும் "நான் இந்த வேலை, தினம் இத்தனை மணி நேரம்"னு முதல்ல சொல்லுங்க.
லீவு முடிஞ்ச முதல் நாள் மூச்சு இறுக்கினா மறைக்காதீங்க. பிசினோசிஸ் சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கு. இ.எஸ்.ஐ கார்டு இருந்தா அது உங்க உரிமை.
வீட்டுத் தறியில் இருக்கிறவங்க மணிக்கொரு தடவை குழியை விட்டு எழுந்து நடங்க. பி.பி. பாருங்க.

15. பாரிஸுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் ஓய்வு யாரும் தானமா தரலை. கூடிக் கேட்டு வாங்கினாங்க. அடுத்த தடவை கைத்தறிச் சேலைக்கு பேரம் பேசும்போது, அந்த விலைக்குள்ள எத்தனை மணி நேரம் இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.