முதியோருக்கான வீட்டுச் சீரமைப்பு (சிங்கப்பூர்)

வயதானவர் தாம் வாழ்ந்து பழகிய வீட்டிலேயே தொடர்ந்து இருப்பதற்கு ஏற்றபடி படி, தரை, கதவு, குளியலறை ஆகியவற்றை மாற்றியமைப்பது முதியோருக்கான வீட்டுச் சீரமைப்பு எனப்படும். சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளில் பெரும்பகுதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டியவை. அதனால் அங்கு இது குடும்பத்தின் சொந்தச் செலவோடு நில்லாமல் அரசுத் திட்டமாக வளர்ந்துள்ளது.

வரலாறு

வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் இருந்த மக்களுக்கு விரைந்து வீடு தருவதே அதன் முதல் வேலை. செலவைக் கருதி, பல அடுக்குமாடிகளில் மின்தூக்கி 1, 5, 9 போன்ற சில தளங்களில் மட்டும் நிற்கும்படி கட்டப்பட்டது. ஏழாம் தளத்துக்காரர் ஐந்தில் இறங்கி இரண்டு தளம் படியேற வேண்டும். அல்லது ஒன்பது வரை போய் இரண்டு தளம் படியிறங்க வேண்டும். முப்பது வயதில் இது பெரிய குறையாகத் தோன்றாது. எழுபது வயதில், முட்டிவலியோடு அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்கு வீடே எட்டாமல் போகிறது.

தடையற்ற கட்டட விதித்தொகுப்பு 1990இல் வந்தது. ஆனால் அது புதிய கட்டடங்களைப் பார்த்தது. பழைய அடுக்குமாடிகள் அப்படியே நின்றன. 1998இல் முதியோருக்கென்றே கைப்பிடிக் கம்பியும் அபாயமணியும் பொருத்திய ஸ்டுடியோ வீடுகள் 30 ஆண்டுக் குத்தகையில் அறிமுகமாயின. நல்ல வீடுகள்தாம்; எனினும் அவற்றுக்குக் குடிபெயர வேண்டும். பழகிய அண்டைவீட்டாரையும் ஈரச்சந்தையையும் விடாமல் இருக்கும் வீட்டைத் திருத்துவதே மேலான வழி. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அதைத்தான் செய்தது. தகுதியுள்ள குடியிருப்பாளர்களில் 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்பினால் ஒவ்வொரு தளத்திலும் மின்தூக்கி நின்றது. கட்டமைப்பு, செலவுக் காரணங்களால் சில அடுக்குமாடிகள் விடுபட்டன. அங்கே நடமாடச் சிரமப்படுவோர் வேறு வீடு வாங்க 2020 முதல் 30,000 வெள்ளி வரை மானியம் உண்டு.

ஈஸ் திட்டம்

வீட்டுக்கு உள்ளே செய்யும் மாற்றங்களுக்கான ஈஸ் திட்டம் 2012இல் தொடங்கியது. சிங்கப்பூர்க் குடிமக்களின் வீட்டில் 65 வயதை எட்டியவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 60 முதல் 64 வயதுக்குள் இருப்பவராயின் குளித்தல், உடுத்தல், உண்ணல், நடமாடல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றுக்காவது பிறர் துணை தேவைப்பட வேண்டும். மூவறை வீடுகளுக்கும் அதற்குச் சிறியவற்றுக்கும் செலவில் 95 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. வீடு பெரிதாகப் பெரிதாக இது குறைந்து, எக்சிகியூட்டிவ் வீடுகளுக்கு 87.5 விழுக்காடாகிறது.

குளியலறை

திட்டமிடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. தரையோடுகளை வழுக்காதபடி பதப்படுத்துவது, கைப்பிடிக் கம்பி பொருத்துவது, படி இருக்கும் இடத்தில் சாய்தளம் வைப்பது ஆகியவை அடிப்படை வேலைகள். பதப்படுத்திய தரையிலும் சவர்க்காரப் படிவு சேர்ந்தால் மீண்டும் வழுக்கும். தேய்த்துக் கழுவிவர வேண்டும்.

துண்டு காயப்போடும் கம்பியைக் கைப்பிடியாகக் கொள்வது ஆபத்தானது. எழும்போது உடலின் பாரத்தைக் கை தாங்குவதால், சாதாரணத் திருகாணி ஓட்டோடு பெயர்ந்து வந்துவிடும். கம்பியை உறுதியான சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். அதன் உயரத்தை, பயன்படுத்துபவரையே கழிப்பிருக்கையில் உட்காரவைத்து, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் குறிப்பது நல்லது. குளியலறை வாசலில் தண்ணீர் வெளியேறாமல் கட்டிய தடுப்புமேடு, காலைத் தூக்க முடியாதவரைத் தடுக்கி விழவைக்கும். பழைய வீடுகளில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இன்றைய நிலை

2024 ஏப்ரல் முதல் மடக்கு இருக்கை, அகலப்படுத்திய குளியலறை வாசல் உள்ளிட்டவையும் ஈஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.