பஞ்சாலையும் பொருளமைச்சும்: ஆர். கே. சண்முகம் செட்டியார்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகிய ஆர். கே. சண்முகம் செட்டியாரை 'ஆலை முதலாளி அமைச்சரானார்' என்று ஒரு தொடரிற் கூறி அமைவது வழக்காயிற்று. தமிழ் கற்பாரோ அவரைத் தமிழிசை இயக்கத்தின் புரவலராகவும், 1946-இல் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்டவராகவும் அறிவர். அவ்வழக்குத் தொடர் பொருந்துமா என்பதே ஈண்டு யாம் காணப்புகுவது.

1892-இல் கோவையில் வணிகக் குடியிற் பிறந்த செட்டியார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். குடும்பத்தார்க்குப் பஞ்சாலைத் தொழில் உண்டு. எனினும், ஆலையினின்று நேரே அமைச்சுக்குச் சென்றவரல்லர் அவர். 1917-இல் கோவை நகராட்சியின் துணைத்தலைவரானார். 1920-இல் நீதிக்கட்சியின் சார்பிற் சென்னைச் சட்டசபை புகுந்தார். பின்னர்ச் சுயராச்சியக் கட்சியிற் சேர்ந்து மத்திய சட்டசபை சென்று, 1933-இல் அதன் தலைவருமானார். கட்சி மாற்றத்தை முன்னிட்டு அவரைக் குறைகூறுவாரும் உளர். அது வேறு ஆராய்ச்சி. 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார்.

அத்தோல்வியே அவர்க்குக் கொச்சியின் வாயிலைத் திறந்தது எனலாம். 1935 முதல் 1941 வரை அந்நாட்டின் திவானாக இருந்தார். ஒரு சிற்றரசின் வரவையும் செலவையும் ஆண்டுதோறும் நேர்செய்வதும், வளர்ந்துவந்த துறைமுகத்தின் நலனைப் பேணுவதும், 1938-இல் தேர்ந்தெடுக்கப்பெற்ற அமைச்சர் ஒருவரிடம் சில துறைகளை ஒப்படைத்த இரட்டையாட்சியை நடத்துவதும் அவர் கடமைகளாயின. ஆலைக் கணக்கு ஆதாயம் நோக்குவது; அரசுக் கணக்கோ ஆதாயம் தாராத பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இடங்கொடுப்பது. பிற்காலப் பொருளமைச்சுக்கு அவர் பெற்ற பயிற்சி கோவையினும் கொச்சியிலேயே மிகுதி என்பது எம் துணிபு. 1932-இல் ஒட்டாவா மாநாட்டிலும் 1944-இல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டமையும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது.

1947-இல் நேருவின் அமைச்சரவை அமைந்தபோது, காங்கிரசு சாராத அவர்க்கு நிதித்துறை கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள் அவர் படித்த முதல் வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கே உரியது. வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. பிரிவினையின் கொந்தளிப்பிடையே பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி வேண்டியிருந்தது. பற்றாக்குறை 26.24 கோடியாயிற்று. அதனைச் சிறிது குறைக்க அவர் கண்ட வழி, ஏற்றுமதியாகும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் வரி விதிப்பது. அதனாற் பற்றாக்குறை 24.59 கோடிக்கு இறங்கியது. பஞ்சாலைக் குடும்பத்தவர் முதன்முதற் கைவைத்த பொருள் பஞ்சாலைப் பொருளே! 'ஆலை முதலாளி' என்று எளிதிற் பேசுவார் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆயினும், வணிகத் தொடர்பு அவரை விட்டபாடில்லை. 1948-ஆம் ஆண்டின் இடையில் இலண்டன் சென்று, ஸ்டெர்லிங் நிலுவை பற்றிய உடன்பாட்டை முடித்து மீண்டார். மீண்ட சின்னாளில், வருமான வரி விசாரணை ஆணையத்துக்கு அனுப்பப்பெற்ற சில வழக்குகள் திரும்பப் பெறப்பட்டமை பற்றிச் சபையில் கண்டனம் எழுந்தது. ஆகஸ்டில் அவர் பதவி துறந்தார். அதிகாரிகளின் பிழையோ அமைச்சரின் பிழையோ என்னும் வினா ஒருபுறம் நிற்க, வேறு குடியிற் பிறந்த அமைச்சராயின் அக்கண்டனம் அத்துணை விரைவிற் பற்றியெரிந்திருக்குமோ என்று யாம் ஐயுறுகின்றோம். பதவிக்கு அவரை உயர்த்தியது ஆலையன்று; ஐயம் எழுந்தபோது எல்லாரும் நினைத்தது ஆலையையே.

அவர்க்குப் பின் நிதித்துறை ஏற்ற ஜான் மத்தாயும் டாடா நிறுவனத்தொடு தொடர்புடையவரே. அவர் 1950-இல் விலகியது திட்டக்குழு பற்றிய கருத்து வேறுபாட்டால். வணிகத்தினின்று வந்த மற்றொரு தமிழராகிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி, முந்த்ரா விவகாரத்தையொட்டி 1958-இல் விலகினார். இம்மூவரையும் ஒருங்குவைத்து ஆராய்வார்க்குச் சபை நடவடிக்கைக் குறிப்புகளே முதற்சான்று. செட்டியார் 1952-இல் கட்சி சாராது சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். மறு ஆண்டு மே மாதம் மறைந்தார்.