வளவில் வகுத்த நாட்கள்

முதியோர் இல்லங்களில் இப்போதெல்லாம் 'சிறப்பு நாள்' கொண்டாடுகிறார்கள். ஒரு நாள் பழைய திரைப்பாடல், ஒரு நாள் கோலப்போட்டி, இன்னொரு நாள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடை. மேலைநாட்டு இல்லங்களிலிருந்து வந்த வழக்கம் இது என்பர். நிகழ்ச்சி நிரல் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் இன்ன நாளுக்கு இன்ன விளையாட்டு என்று வகுத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் உருட்டியவர்கள்தாம் நாம். அந்நாட்களை வகுத்தவர் யார் என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். முகப்பைத் தாண்டினால் வளவு, அதற்கப்பால் அடுத்தடுத்த கட்டுகள். மகனுக்கு மணமானதும் அவனை 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். வீடு ஒன்றே, அடுப்பு மட்டும் தனித்தனி. பெற்றோர் தம் அடுப்பைத் தாமே வைத்துக்கொண்டனர். இன்றைய இல்லத்தில் இது தலைகீழ்: அறைகள் பல, அடுப்பு ஒன்று. (எண்பது வயது ஆச்சி ஒருவரிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நிர்வாகங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.) ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஆண்டுக்கணக்கில் கொண்டுவிற்கப் போயிருந்த காலத்தில் வளவின் ஆட்சி மூத்த பெண்களிடமே இருந்தது. எந்த நோன்புக்கு எது வேண்டும், யார் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வாய்ச்சொல்தான்.

பிள்ளையார் நோன்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார்த்திகைத் தீபத்தன்று தொடங்கி 21 நாட்கள், நாளுக்கு ஒரு நூலிழையாகப் புதுத் துணியிலிருந்து எடுத்துச் சேர்ப்பர். சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் அவ்விழைகளைத் திரித்து, இனிப்பு மாவில் பிடித்த பிள்ளையாரில் திரியாகச் செருகி ஏற்றுவர். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவரையும் அழைத்துத் தர, பெறுபவர் எரியும் சுடரோடு அதை வாயில் இட்டுக்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்ணுக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு. குழந்தைகளுக்கு இது அச்சமும் சிரிப்பும் கலந்த விளையாட்டு, பெரியவர்களுக்கு வழிபாடு. இரண்டையும் நடத்துபவர் முதியவர். பார்வையாளராக ஒரு நாற்காலியில் அவர் அமர்த்தப்படவில்லை.

பல்லாங்குழியின் கதை வேறு. மகளுக்குக் கொடுத்த சீர்ப்பொருள்களோடு போன மரப்பலகைகளும் பித்தளைப் பலகைகளும் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு இருக்கின்றன. பதினான்கு குழிகளையும் துடைத்து வைத்திருக்கிறார்கள், புளியங்கொட்டைதான் இல்லை.

நினைவைக் கருப்பொருளாகக் கொள்வதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. முதுமையில் கடந்ததைத் திரும்பிப் பார்ப்பது நோயன்று, இயல்பான பணி என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதினார். நெதர்லாந்தில் மறதிநோயாளருக்காக 2009இல் திறக்கப்பட்ட ஹோகவேக் குடியிருப்பில், கிழக்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர்களுக்கென்றே அந்தப் பழக்கவழக்கங்களோடு வீடு அமைத்தார்கள். செட்டிநாட்டில் அதற்கு இணையாகப் 'பர்மா நாள்' ஒன்று வைக்கலாம். அங்கிருந்து வந்த கவுனி அரிசி இன்றும் இனிப்பாக இலையில் விழுகிறது. ஆனால் 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி மலையும் காடும் கடந்து நடந்து வந்தவர்களுக்கும், 1960களில் உடைமைகளை விட்டுத் திரும்பியவர்களுக்கும் பர்மா என்ற சொல் கவுனி அரிசியோடு நிற்பதில்லை. கேட்காமல் நாள் குறிப்பது கொடுமையாகவும் முடியும்.

கேட்பதற்கும் கேட்காமல் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு புகழ்பெற்ற ஆய்வு அளந்து பார்த்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் எல்லன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அதை நடத்தி 1976இல் வெளியிட்டனர். ஒரு மாடியில் இருந்தோரிடம், உங்கள் செடிக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், வியாழனா வெள்ளியா எந்த இரவில் படம் பார்ப்பது என்பதையும் நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றனர். மற்ற மாடியில் செடியைச் செவிலியர் கவனித்தனர். படம் பார்க்கும் நாளும் சொல்லப்பட்டது. செடியும் அதே, படமும் அதே. மூன்றே வாரத்தில் முதல் மாடியினர் கூடுதல் உற்சாகத்தோடு இருந்தனர். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் மாடியில் 47 பேரில் 7 பேரும், மற்றதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். எண்ணிக்கை சிறியது, கணக்கீட்டில் பின்னர் திருத்தமும் வெளியாயிற்று. ஆகவே இறப்புக் கணக்கை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். முகத்தில் தெரிந்த மாற்றமே எனக்குப் போதும்.

காரைக்குடியில் ஓர் இல்லம் நோன்பன்று இழை எடுப்பதானால், பணியாளர் கடையில் திரி வாங்கி வைத்துவிடலாகாது. 21 நாளும் ஆளுக்கொரு நாளாக நூலெடுக்க முறை வைக்க வேண்டும். யார் முதலில் என்பதில் பூசல் வரும், வரட்டும். கை நடுங்குவோர் கையில் சுடரைத் தரமுடியாது. விழுங்கச் சிரமப்படுவோருக்கு மாவும் ஆகாது. அவர்களிடம் நோன்புக் கதையை ஒப்படைக்கலாம். சொல்பவர் எங்கேனும் தவறினால் திருத்த நாலு ஆச்சிமார் காத்திருப்பார்கள்.